எருமை இழுத்துப்போன ஊழியம்

1. வரிசை கலைந்த கதை

முகாமுக்குப் போன முதல் நாளே, என்னைப் பார்க்க வரிசையில் நின்ற அத்தனை பேரையும் ஒரே வார்த்தையில் வீட்டுக்குள் ஓட வைத்தேன். அந்த வார்த்தை ‘இன்ஸ்பெக்டர்’.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலத்தில் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டர். திருக்கழுக்குன்றத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது, ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து ஊற்றுவது, கோழிகளுக்குத் தடுப்பு மருந்து போடுவது, இதுதான் என் வேலை. டாக்டர் வேறு, நான் வேறு. இந்த வித்தியாசம் ஊரில் உள்ள மாடுகளுக்குக்கூடத் தெரியும். எங்கள் பாஸ்டருக்கு மட்டும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அந்நியரைச் சேர்த்துக்கொள்வதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். முடிக்கும்போது, கடற்கரைப் பக்கம் இலங்கை அகதிகள் முகாம் ஒன்று இருக்கிறது, அங்கே மருத்துவ ஊழியம் தொடங்கப்போகிறோம் என்றார்.

“வெளியில யாரையும் தேட வேண்டாம். நம்ம சபையிலயே ஆண்டவர் ஒரு டாக்டரை வெச்சிருக்காரு.”

யார் அது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். சபை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி, தலையை ஆட்டுங்கள் என்று சைகை காட்டினாள். ஆட்டினேன்.

மறுத்திருக்கலாம். ஆனால் அந்தப் பிரசங்கம் எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. ஊழியம் என்றால் மைக் பிடிக்கத் தெரிய வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்குப் பிடிக்கத் தெரிந்ததெல்லாம் மூக்கணாங்கயிறு. அதையும் ஆண்டவர் எதற்காவது வைத்துக்கொள்வார் என்றால் நல்லதுதானே என்று தோன்றியது.

என் மனைவியின் தம்பி சாலமோன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அவனும் வருகிறேன் என்றான். அவனுக்கு மூச்சுக்கு ஒரு பாட்டு, பேச்சுக்கு ஒரு ஜெபம். சபையில் அவன் ஜெபம் செய்ய எழுந்தால் பின்வரிசையில் நிற்பவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள், அவ்வளவு நீளம்.

முகாம் என்றால் கூடாரங்கள் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் வரிசை வரிசையாகச் சின்ன வீடுகள். போர்க்காலத்தில் படகில் வந்தவர்களும், அவர்களுக்கு இங்கேயே பிறந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாங்கள் போவதற்குள் பாஸ்டர் போனில் சொல்லிவிட்டிருந்தார் போலிருக்கிறது. மர நிழலில் நாற்காலி, மேசை, மேசை மேல் துண்டு, எதிரே நீளமாக ஒரு வரிசை.

முதலில் வந்த அம்மாள், “ஐயா, நாரி நோகுது” என்றார்.

எங்கள் தொழிலில் நாற்றம் என்றால் முதலில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

“எங்கம்மா நாறுது?”

“நாரிதான் ஐயா. இரவெல்லாம் ஒரே நோ.”

“நாறுறது சரிம்மா. புழு வெச்சிருக்குதா?”

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற உயரமான பெண்மணி முன்னால் வந்தார். முகாமில் எந்த விஷயம் என்றாலும் அவரைக் கேட்டுத்தான் நடக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெயர் யோகம்.

“ஐயா, நாரி எண்டா இடுப்பு. அவவுக்கு இடுப்பு நோகுது. புழு ஒண்டும் இல்லை.”

இனியும் மறைப்பது பாவம் என்று நான் எழுந்து நின்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி, “மன்னிச்சிக்குங்க. நான் டாக்டர் இல்ல. இன்ஸ்பெக்டர்” என்றேன்.

அவ்வளவுதான். இடுப்பு வலி அம்மாள்தான் முதலில் ஓடினார், நல்ல வேகம். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அந்த முகாமில் இன்ஸ்பெக்டர் என்றால் ஆள் கணக்கெடுக்க வருகிற போலீஸ் என்று எனக்கு எப்படித் தெரியும்? யோகம்மா மட்டும் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“எந்த ஸ்டேசன்?”

“ஸ்டேஷன் இல்லம்மா. கால்நடை.”

“கால்நடையாவோ வந்தனீங்கள்?”

“இல்லம்மா, லோடு ஆட்டோவுலதான் வந்தேன்.”

இதற்குள் சாலமோன் ஓடிவந்தான். “அக்கா, இவுரு போலீஸ் இல்லக்கா. மாட்டுக்கு ஊசி போடுறவரு. எங்க பாஸ்டருக்கு இவுரும் ஒண்ணு, டாக்டரும் ஒண்ணு. இன்னா பண்றது, சொல்லு.”

யோகம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரித்தபடியே ஒவ்வொரு கதவாகத் தட்டி, “வெளியில வாங்கோ, இவர் மாட்டுக்காரர்” என்று சொல்லிக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் மறுபடியும் வரிசை நின்றது. இந்த முறை ஆடுகள், கோழிகள், ஒரு நொண்டி வாத்து. இடுப்பு வலி அம்மாளும் திரும்ப வந்தார். கையில் ஒரு சேவல். அதற்கு ஒன்றும் இல்லை. நான் உண்மையிலேயே மாட்டுக்காரன்தானா என்று பார்க்கக் கொண்டு வந்திருந்தார்.

2. ஆறுதல்

அடுத்த சனிக்கிழமை ஆடுகளுக்கு மருந்து ஊற்றும் டிரென்ச்சிங் கன், குடற்புழு மருந்து, வேதவசனம் அச்சடித்துப் பாஸ்டர் கொடுத்தனுப்பிய ஒரு கட்டு கைப்பிரதிகள் எல்லாவற்றோடும் போனோம். யோகம்மா எங்களைத் தன் வீட்டு வாசலில் உட்கார வைத்து டீ கொடுத்தார்.

“முதல்ல தேத்தண்ணியக் குடியுங்கோ. பேந்து ஆறுதலாக் கதைப்பம்.”

ஆறுதல்! நானும் சாலமோனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் சபையில் ஆறுதல் வேண்டும் என்று ஒருவர் கேட்டால் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த அம்மாள் வாய்விட்டுக் கேட்கிறாரே, நாம் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

சாலமோன் டம்ளரைக் கீழே வைத்தான். எழுந்து கண்ணை மூடினான். யோகம்மாவும் என்னவோ ஏதோ என்று தலையில் முந்தானையை இழுத்துவிட்டு எழுந்து நின்றார்.

அன்று அவன் செய்த ஜெபத்தை நான் மறக்கவில்லை. இறந்துபோன எல்லாருக்காகவும், கடலில் போனவர்களுக்காகவும், கரைக்கு வந்தவர்களுக்காகவும், வர முடியாமல் போனவர்களுக்காகவும் செய்தான். படகுக்காகச் செய்தான். இரண்டு நாட்டு அரசாங்கங்களுக்காகவும் தனித்தனியாகச் செய்தான். டீயில் ஆடை படிந்தது. நடுவில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். யோகம்மாவின் வெள்ளாடு என் பைக்குள் தலையை விட்டுக் கைப்பிரதிகளைத் தின்றுகொண்டிருந்தது. ஜெபத்தின் நடுவில் ஆட்டை விரட்டலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள் பாதிக் கட்டு போய்விட்டது.

ஆமென் சொன்ன பிறகு யோகம்மா மெதுவாகக் கேட்டார்.

“ஆர் செத்தது?”

“யாரும் இல்லியே.”

“அப்ப ஏன் இவ்வளவு நேரம்?”

“நீங்கதானம்மா ஆறுதல் வேணும்னு கேட்டீங்க?” என்றேன்.

“ஐயோ, ஆறுதலா எண்டா மெல்லமா. அவசரமில்லாம. தேத்தண்ணி குடிச்சிட்டு அவசரமில்லாமக் கதைப்பம் எண்டனான்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். வேறு என்ன செய்வது?

சிரிப்பு அடங்கியதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் வந்த தண்ணீர்தான் என்று நினைத்தேன்.

“கடல்ல போன ஆக்களுக்காகவும் செபிச்சனீங்கள், என்ன?” என்று சாலமோனிடம் கேட்டார்.

“ஆமாக்கா.”

“என்ர மனுசனும் கடல்லதான் போனவர். நாங்கள் வந்த அதே படகு. நான் சைவம், உங்கட சமயம் இல்லை. ஆனா அவருக்காக இஞ்ச ஆரும் இப்பிடி நிண்டு ஒண்டும் சொன்னதில்லை. பரவாயில்லை தம்பி. பிழையாக் கேட்டாலும் சரியாத்தான் செய்திருக்கிறீர்.”

சாலமோன் ஆறிய டீயை எடுத்து ஆடையோடு குடித்தான்.

பிறகு வேலையைத் தொடங்கினோம். யோகம்மாவின் ஆட்டுக்கு வாயைத் திறந்து மருந்து ஊற்றப் போனபோது சாலமோன் காதோடு கேட்டான்.

“வசனம் துன்ன ஆட்டுக்கு இன்னா டோஸு மாமா?”

“அதே டோஸ்தான்டா.”

3. ராணி

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, கோழிகளுக்குத் தடுப்பு மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போயிருந்தோம். காலையிலிருந்தே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கோழிகளுக்குக்கூட மருந்து போட்டிருக்க மாட்டேன். யோகம்மா குடையில்லாமல் ஓடிவந்தார்.

“சுதாவுக்கு வலி துவங்கிட்டுது.”

சுதா அந்த முகாமிலேயே பிறந்து வளர்ந்த பெண். பேச்செல்லாம் எங்கள் செங்கல்பட்டுப் பேச்சுதான். நிறைமாதம். அவள் கணவன் கேளம்பாக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருந்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் வழியில் மரம் விழுந்து கிடக்கிறது, சுற்றிக்கொண்டு வர நேரமாகும் என்று பதில் வந்தது.

பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓர் அடி பின்னால் வைத்தேன்.

“நான் மாட்டுக்குத்தாம்மா பார்த்திருக்கேன்.”

உள்ளேயிருந்து சுதாவின் குரல் வந்தது. “அவரு உள்ள வந்தாருன்னா நான் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் பூடுவேன்.”

“அவர் வரமாட்டார், நீ பேசாமக் கிட” என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு யோகம்மா எங்கள் பக்கம் திரும்பினார். “எங்களுக்கு உங்களத் தேவையில்லை. உங்கட வாகனம்தான் வேணும். கெதியா எடுங்கோ, நேரமில்லை.”

லோடு ஆட்டோவிலிருந்த ஐஸ் பெட்டியை இறக்கினோம். மெத்தையைப் போட்டு மேலே தார்ப்பாய் கட்டினோம். சுதாவும் யோகம்மாவும் உள்ளே. காற்றில் பறக்கும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால். அந்தச் சுற்றுவழியிலேயே போய், ஆம்புலன்ஸ் எதிரே வந்தால் மாற்றி ஏற்றிவிடலாம் என்பது திட்டம்.

சாலமோனுக்குப் பயம் வந்தால் பாட்டு சத்தமாக வரும். அன்று மழையை மிஞ்சிப் பாடினான்.

“அண்ணா, பாடாம ஓட்டுங்க” என்றாள் சுதா.

நிறுத்தினான். கொஞ்ச தூரம் போனதும் அவளுக்குத் தைரியம் சொல்கிறேன் என்று மறுபடியும் ஆரம்பித்தான்.

“பையன் பொறந்தா சாலமோன்னு பேர் வெச்சிரும்மா. ஞானமாக் கீறவனா வளருவான்.”

“அண்ணா, ரோட்டப் பாருங்க.”

திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் ஒரு தரைப்பாலம் உண்டு. ஏரி நிரம்பி, பாலத்துக்கு மேல் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாலமோன் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தான். ஆழம் முழங்காலுக்குக் கீழேதான், பூடலாம் என்றான். போனான். சரியாகப் பாதியில் என்ஜின் இருமிவிட்டு நின்றது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியது.

சாலமோன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையைக் கூப்பினான்.

“மாமா, ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிடலாம்.”

அவனுடைய ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று யோகம்மாவுக்கு அனுபவம் இருந்தது.

“தம்பி, இறங்கித் தள்ளும். செபத்தைத் தள்ளிக்கொண்டு செய்யும்.”

இறங்கினோம். தள்ளினோம். தள்ளிக்கொண்டே ஜெபித்தோம். வண்டி அசையவில்லை. என் செருப்பு ஒன்று ஏரித் தண்ணீரோடு போய்விட்டது. உள்ளே அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்டது. ஆண்டவரே, இவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

அப்போது அக்கரையில் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓர் ஆள் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். நின்று எங்களைக் கூர்ந்து பார்த்தார்.

“யாரு அது, ஊசி சாரா?”

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் எனக்கு அதுதான் பெயர்.

“இன்னா சார், தண்ணில நின்னுகினு கீறீங்க?”

விஷயத்தைச் சொன்னேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், இருப்பதிலேயே பெரிய எருமையைப் பிரித்து ஓட்டி வந்தார். அவர் பெயர் முனுசாமி, அந்த ஊர் விவசாயி.

“இதோட ஆத்தாளுக்கு நீங்கதான் சார் சினை ஊசி போட்டீங்க. அதுல பொறந்தது இது. ஞாபகம் கீதா?”

நான் போட்ட ஊசிகளை ஆண்டவர்தான் ஞாபகம் வைத்திருக்க முடியும். “நல்லா ஞாபகம் கீது” என்றேன். “பேரு இன்னா?”

“ராணி.”

ராணியின் கழுத்தில் கயிறு போட்டு வண்டியில் கட்டினோம். ராணி இரண்டு அடி இழுத்தது. வண்டி பள்ளத்திலிருந்து ஏறியது. நாங்கள் கைதட்டினோம். அதற்குள் ராணி தான் நிற்பது தண்ணீரில் என்று கண்டுகொண்டது. எருமைக்குத் தண்ணீரைக் கண்டால் வேலை ஞாபகம் வராது. கண்ணை மூடிப் பாலத்தின் நடுவில் சுகமாகப் படுத்துவிட்டது.

“ராணி, எந்திரி” என்றார் முனுசாமி.

“எந்திரிடி ராணி” என்றான் சாலமோன்.

“ராணி, எழும்பு, எழும்பு” என்றார் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு யோகம்மா.

வாலை முறுக்கினேன். அது காதை ஆட்டியது, அவ்வளவுதான். அப்போதுதான் அக்கரையில் கன்று ஒன்று நிற்பதைப் பார்த்தேன். முனுசாமியைக் கேட்டேன். ராணியின் கன்றுதான். தண்ணீரைக் கடந்து ஓடினேன். கன்றின் கழுத்தில் என் துண்டைக் கட்டி, ஊர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு நடந்தேன். கன்று ‘ம்மே’ என்று கத்தியது. ராணி கண்ணைத் திறந்தது. தன் பிள்ளையை எவனோ ஒற்றைச் செருப்புக்காரன் இழுத்துக்கொண்டு போகிறான் என்றதும் எழுந்தது பாருங்கள், சாலமோன் ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

தண்ணீரைத் தாண்டியும் என்ஜின் உயிர் பெறவில்லை. அதனால் அப்படியே போனோம். முன்னால் கன்றை இழுத்துக்கொண்டு நான். என்னைக் குத்த வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு பின்னால் ராணி. ராணிக்குப் பின்னால் லோடு ஆட்டோ. பக்கத்தில் உரச்சாக்கோடு முனுசாமி. வலி வரும்போதெல்லாம் சுதா, “ராணி, சீக்கிரம் போ ராணி” என்று கத்தினாள். எருமையை விரட்டினாளா, வலியில் கத்தினாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. டீக்கடையில் ஒதுங்கி நின்றவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். சாலமோன் அவர்களைப் பார்த்துக் கையாட்டினான்.

திருக்கழுக்குன்றம் எல்லையில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. அதிலிருந்து இறங்கிய பையன் கன்றைப் பார்த்தான், எருமையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“இதுல பேஷண்ட் யாரு சார்?”

சுதாவையும் யோகம்மாவையும் ஏற்றிக்கொண்டு வண்டி செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தது. நாங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பிரசவம் ஆகியிருந்தது. பெண் குழந்தை. இருவரும் நலம். மழை விடுவதற்குள் சுதாவின் கணவனும் பெயிண்ட் படிந்த கையோடு ஓடிவந்துவிட்டான். குழந்தையைத் தொடப் பயந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றான். சட்டையிலும் பெயிண்ட். யோகம்மாதான் குழந்தையை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

4. சாட்சி

குழந்தைக்குப் பெயர் வைக்க எங்களையும் கூப்பிட்டார்கள். சாலமோன் வழியெல்லாம் வேதத்தில் வரும் பெண்களின் பெயர்களை ஒப்பித்துக்கொண்டு வந்தான். சுதா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“பேரு வெச்சாச்சுண்ணா. ராணி.”

சாலமோன் என்னைப் பார்த்தான். எருமையின் பெயரா என்று அவன் கேட்டுவிடப் போகிறானே என்று நான் அவன் காலை மிதித்தேன்.

“ஆமாண்ணா, அந்த ராணிதான்” என்றாள் சுதா. “நான் அன்னிக்கி ஃபுல்லா வேற யாரு பேரைச் சொல்லிக் கூப்ட்டேன்?”

சாலமோனின் முகம் மலர்ந்தது.

“நல்ல பேரும்மா. வேதத்துலயே ஒரு ராணி சாலமோனைப் பார்க்கத் தேடிகினு வருவா.”

அடுத்த ஞாயிறு அவன் சபையில் எழுந்து, அன்று ஆண்டவர் எப்படிக் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னான். அவன் கணக்கில் தண்ணீர் கழுத்தளவு. எருமை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, எங்கே போனது என்றும் தெரியாது. எனக்குத் தெரியும். முனுசாமி வீட்டுக் கொட்டகைக்குப் போனது. அந்த மழைக்கு மறுநாள் நானே போய்ப் புண்ணாக்கு வைத்துவிட்டு வந்தேன். ராணி இன்னும் என் மேல் கோபமாகத்தான் இருந்தது.

இப்போது முகாமுக்கு எங்கள் சபையின் வாலிபர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு ஊழியத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று பாஸ்டர் என்னை முன்னால் நிறுத்தினார். இந்த முறை டாக்டர் என்று சொல்லவில்லை. “நம்ம இன்ஸ்பெக்டர்” என்றார். அது இன்னும் மோசம் என்று அவருக்குப் பிறகு தனியாக விளக்கினேன்.

வாலிபர்களிடம் நான் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். நாம் என்ன கொடுக்கப்போகிறோம் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்வது புரியாவிட்டால் இன்னொரு தடவை கேளுங்கள், வெட்கமில்லை. நாம் தேவையில்லை, நம் வண்டிதான் தேவை என்றால் வண்டியைக் கொடுங்கள். தள்ளச் சொன்னால் இறங்கித் தள்ளுங்கள். தள்ளும்போது ஜெபம் நன்றாக வருகிறது. சுருக்கமாகவும் வருகிறது. நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு பெண் எழுந்து, “அங்கிள், போகும்போது கூட என்ன எடுத்துட்டுப் போகணும்?” என்று கேட்டாள்.

“மாத்துச் செருப்பும்மா” என்றேன்.